விலை ஏன் குறைகிறது?

சின்னாளப்பட்டி, காந்திகிராமம், திண்டுக்கல்: செய்யும் இடத்திலேயே வாங்கப் போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வரும் வழியில், ஊர் எட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது காந்திகிராமம் வரும். அதை ஒட்டியே சின்னாளப்பட்டி. முகூர்த்த மாதங்களில் வெளியூர் வேன்கள் இங்கே வந்து நிற்கும். மாமியார், நாத்தனார், கல்யாணப் பெண், கணக்குப் பார்க்க ஒரு சித்தப்பா என்று குடும்பமே இறங்கும். "ஊர்லயே போய் எடுத்தா மலிவு" என்ற நம்பிக்கைதான் அவர்களை அழைத்து வருகிறது.

திரும்பும்போது இரண்டு விதமான முகங்களைப் பார்க்கலாம். ஒருவர் மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நிறைவோடு உட்கார்ந்திருப்பார். இன்னொருவர், "இதுக்கு நம்ம ஊர்க் கடையிலேயே எடுத்திருக்கலாம்" என்று முணுமுணுப்பார். இருவரும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள். முதலாமவர் கேட்டு வாங்கினார். அடுத்தவர் விலைச்சீட்டை மட்டும் பார்த்து வாங்கினார்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது ஏன் மலிவு?" சேலையோ கதர்த்துண்டோ பூட்டோ, எதை எடுத்தாலும் இதைக் கேளுங்கள். பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்பதை இந்த அத்தியாயம் சொல்லும்.

மலிவுக்கு நான்கு காரணங்கள்

முதல் காரணம், கை மாறாதது. தறியிலிருந்து இறங்கிய சேலை மொத்த வியாபாரியிடம் போய், வெளியூர்க் கடைக்குப் போய், அந்தக் கடையின் வாடகை, ஏசி, விளம்பரம் எல்லாவற்றையும் சுமந்த பிறகே உங்கள் கைக்கு வருகிறது. செய்யும் ஊரிலேயே வாங்கினால் இந்தச் சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடும். பொருளின் தரம் குறையாமல் விலை மட்டும் குறைவது இங்கேதான். உங்கள் பயணத்துக்கு நியாயமான காரணமும் இதுதான்.

இரண்டாவது, பழுது. இழை அறுந்தது, சாயம் ஒரே சீராக ஏறாதது, கறை பட்டது. கடைக்காரர்கள் 'செகண்ட்ஸ்' என்றோ 'டேமேஜ்' என்றோ சொல்வார்கள்.

மூன்றாவது, காலம் கடந்தது. போன தீபாவளிக்கு வந்த நிறமும் கரையும் இந்த ஆண்டு நகரவில்லை என்றால் விலை இறங்கும். துணியில் குறை இருக்காது, மடிப்பில் நிறம் வெளுத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

நான்காவது, சரக்கே வேறு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நூலும் செய்முறையும் வேறு. முடிச்சுச் சுங்குடிக்குப் பக்கத்தில் அச்சுச் சுங்குடி, கைத்தறிக்குப் பக்கத்தில் விசைத்தறி, பித்தளைக்குப் பக்கத்தில் பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

உலகம் முழுவதும் அவுட்லெட் வியாபாரத்தின் கதை இந்த நான்கையும் சுற்றியதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரெடிங் என்ற ஊர் காலுறைகளுக்கும் பின்னலாடைகளுக்கும் பேர்போன ஆலை ஊர். 1970களில் அங்கே ஆலைக் கட்டடத்திலேயே கடை திறந்து மிகுதிச் சரக்கையும் சிறு பழுதுள்ளதையும் விற்றார்கள். வெளியூர்க்காரர்கள் பேருந்து பிடித்து வந்தார்கள். பிறகு அது தனித் தொழிலாகவே வளர்ந்தது. இன்று பல நாடுகளின் அவுட்லெட் மையங்களில், அந்த மையங்களுக்கென்றே குறைந்த செலவில் தைத்த துணிகளும் அதே பிராண்டின் பெயரில் தொங்குகின்றன. நம் பக்கத்தில் திருப்பூர் காதர்பேட்டை இருக்கிறது. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய பனியன்களும் டி-சர்ட்டுகளும் அங்கே வருகின்றன. காதர்பேட்டையின் மலிவுக்கு இரண்டாம், மூன்றாம் காரணங்களே அடிப்படை. சின்னாளப்பட்டிக்கு முதல் காரணம் உண்டு. ஆனால் அதே அலமாரியில் நான்காவதும் அடுக்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

தள்ளுபடிப் பலகையைப் பற்றி ஒரு சொல். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. அந்த எண்ணை அச்சிடுவது சரக்கைச் செய்தவர்தான். எனவே "50 சதவீதம் தள்ளுபடி" என்பது அவர் அச்சிட்ட எண்ணில் பாதி; பொருளின் மதிப்பில் பாதி என்று அதற்குப் பொருளில்லை. சதவீதத்தை விட்டுவிட்டு, கையில் கொடுக்கப்போகும் ரூபாயையும் கையில் வாங்கப்போகும் துணியையும் மட்டும் பாருங்கள்.

புறப்படும் முன்

நாள்: வார நாள், காலை நேரம். ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், பொங்கலுக்கு முந்தைய வாரம் ஆகியவற்றில் சரக்கு நிறைய இருக்கும். விரித்துக் காட்டிப் பேச யாருக்கும் நேரம் இருக்காது. தேர்ந்து எடுக்க வேண்டியவர் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே போய்விடுவது நல்லது. கைத்தறிக்கு அரசு ரிபேட் உண்டு. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தீபாவளியை ஒட்டி 30 சதவீதச் சிறப்புத் தள்ளுபடி தருவது பலரும் அறிந்தது. கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்துக்குள் நுழைந்ததும், "இப்ப ரிபேட் இருக்கா, எதுக்கெல்லாம் உண்டு?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வெளிச்சம்: இருட்டுவதற்கு முன்பே வாங்கி முடியுங்கள். டியூப்லைட்டில் பார்த்த அரக்கு, வெயிலில் வேறு நிறமாக இருக்கும். எடுத்த சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல கடைக்காரர் தானே எடுத்து வருவார்.

கணக்கு: ஒரு சேலைக்கு 150 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். காருக்கு 1,500 ரூபாய் செலவானால், பத்துச் சேலை எடுத்தால்தான் சமம். ஒன்றிரண்டு வேண்டியவர் பேருந்தில் வரலாம்; திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்திலிருந்து சின்னாளப்பட்டிக்குப் பேருந்துகள் உண்டு. மூன்று வீட்டார் சேர்ந்து வருவது இன்னும் நல்லது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: அளவு நாடா, ஒரு வெள்ளைக் கைக்குட்டை, சிறிய காந்தத் துண்டு, நிறம் பொருத்த வேண்டிய ரவிக்கைத் துண்டு. இவற்றோடு, யார் யாருக்கு என்ன, எவ்வளவுக்குள் என்று எழுதிய தாளும் இருக்கட்டும். கூட்டத்தில் கை நீளுவதைத் தடுப்பது அந்தத் தாள்தான்.

சின்னாளப்பட்டியில்: சுங்குடி

சுங்குடி மதுரைக்கு வந்து குடியேறிய சௌராஷ்டிர மக்களோடு வளர்ந்த தொழில். மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பழைய முறையில் பருத்திச் சேலையை விரித்து, துணியை நகநுனியில் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். பெரும்பாலும் பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே செய்யும் வேலை இது, நாள்கணக்கில் ஆகும். பிறகு சேலையைச் சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சை அவிழ்த்தால், சாயம் புகாத இடமெல்லாம் புள்ளியாக நிற்கும்.

இன்று சின்னாளப்பட்டிக் கடைகளில் நீங்கள் பார்க்கும் சுங்குடியில் பெரும்பகுதி அச்சு. மெழுகில் தோய்த்த அச்சைத் துணியில் பதித்துச் சாயமிடுவது ஒரு முறை. திரை வைத்து அச்சடிப்பது இன்னொரு முறை. அச்சு என்பதால் தாழ்ந்தது என்று நினைக்க வேண்டாம். வெயில் காலத்தில் தினம் உடுத்த, துவைத்துத் துவைத்து உடுத்த, அச்சுச் சுங்குடியைப் போல உடம்புக்கு இதமான சேலை குறைவு. அச்சை அச்சு என்று தெரிந்து, அச்சுக்குரிய விலையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அடையாளம் காணும் வழி இது. முடிச்சுப் புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. சற்றுக் கோணலாக, விளிம்பு கலைந்து, பல சமயம் நடுவில் ஒரு துளி நிறத்தோடு இருக்கும். துவைக்காத புதுச் சேலையைக் கையால் தடவினால் முடிச்சு இருந்த இடம் சிறு மேடாகத் தட்டுப்படும். அச்சில் புள்ளிகள் வரிசை பிசகாமல், ஒரே அளவில், தட்டையாக நிற்கும். அச்சின் நீளம் முடிந்ததும் அதே கோலம் மறுபடி தொடங்கும்.

கேட்கும் விதமும் முக்கியம்.

"அக்கா, இது முடிச்சுப் போட்டதா, அச்சா?"

"இது மெழுகு அச்சும்மா. முடிச்சு வேணும்னா உள்ள இருக்கு, எடுத்துக் காட்டுறேன். விலை கூட வரும், பாத்துக்கங்க."

இப்படி ஒரு பதில் வந்தால் அந்தக் கடையில் நிதானமாக உட்காரலாம். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று பதில் வந்தால் அடுத்த கடையையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்துச் செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது அளவு. ரவிக்கைத் துண்டு இல்லாத சேலை சுமார் ஐந்தரை மீட்டர், ரவிக்கையோடு ஆறே கால் மீட்டர் அளவில் இருக்க வேண்டும். அச்சுச் சேலையில் அரை மீட்டர் குறைந்தால் விலை குறைவதற்கான காரணம் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது நூல். 80-ஆம் நம்பர் நூலா, 100-ஆம் நம்பரா என்று கேளுங்கள். எண் கூடக் கூட நூல் மெலியும், துணி மென்மையாகும், விலையும் ஏறும். மூன்றாவது கஞ்சி. புதுச் சேலை விறைப்பாக நிற்பது கஞ்சியால். ஒரு மூலையை இரு விரலுக்கிடையே நன்றாகக் கசக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கஞ்சி உதிர்ந்த பிறகு தெரியும் நெருக்கமே துணியின் உண்மையான நெருக்கம். நான்காவது சாயம். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஈரக் கைக்குட்டையால் முந்தியின் உள்மூலையைத் தேயுங்கள். லேசான கறை அடர்நிறங்களில் சகஜம்; கைக்குட்டை முழுக்கச் சிவந்தால், வெள்ளைக் கரையுள்ள சேலையாக இருந்தால், வேண்டாம்.

'பட்டு' என்ற சொல்

பல வருடங்களுக்கு முன், இந்த நூலுக்கான எண்ணமே இல்லாத காலத்தில், என் அக்காவுக்கு ஒரு கடையில் சேலை எடுத்தேன். "சின்னாளப்பட்டு" என்றார்கள். என் காதில் விழுந்தது 'பட்டு' மட்டும். வீட்டுக்கு வந்து, முந்தியில் உதிர்ந்த ஓர் இழையை அக்கா தீக்குச்சியில் காட்டினாள். காகிதம் போல எரிந்து சாம்பலானது. அவள் ஒன்றும் சொல்லவில்லை; சேலையை ஆசையோடு வருடக்கணக்கில் கட்டினாள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

சின்னாளப்பட்டி பேர்வாங்கியதே செயற்கைப் பட்டால். மரக்கூழிலிருந்து எடுக்கும் ரேயான் நூலில் நெய்த பளபளப்பான சேலை, பட்டு வாங்க முடியாத வீடுகளுக்கும் கல்யாணக் களையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது தனக்கென்று மரியாதை உள்ள துணி. அதைப் பட்டின் விலைக்கு வாங்குவதுதான் தவறு.

நெருப்புச் சோதனையை வீட்டில் செய்துகொள்ளுங்கள். கடைக்குள் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. உதிரி இழை ஒன்று போதும். முடி பொசுங்கும் நாற்றத்தோடு, மெதுவாக எரிந்து, விரலில் நொறுங்கும் கரியானால் பட்டு. காகித வாசனையோடு சட்டென்று எரிந்து மெல்லிய சாம்பலானால் ரேயான் அல்லது பருத்தி. உருகிக் கெட்டியான மணி போல உறைந்தால் பாலியெஸ்டர். அசல் பட்டு என்று சொல்லி விற்றால் 'சில்க் மார்க்' சீட்டைக் கேளுங்கள்.

கைத்தறிக்கும் ஒரு முத்திரை உண்டு: 2006-இல் வந்த கைத்தறி முத்திரை. சீட்டு இல்லாத இடத்தில் துணியையே கேட்க வேண்டியதுதான். தறியில் துணி அகலம் சுருங்காமல் இருக்க, ஊசிமுனை உள்ள குச்சியை இரு ஓரங்களுக்கும் இடையில் மாட்டுவார்கள். அதனால் ஓரத்தில் இடைவெளி விட்டு விட்டு நுண்ணிய துளைகள் தெரியும். ஊடை இழைகள் ஒன்றுக்கொன்று இம்மியளவு வேறுபடும். காலும் கையும் சேர்ந்து நெய்ததன் தடம் அது. விசைத்தறித் துணியில் அந்த வேறுபாடு அரிது. இவை குறிப்புகள், ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

பழுதை வாங்கலாமா?

வாங்கலாம், பழுது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வாங்கலாம். சேலையை முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். மடித்த சேலையில் நீங்கள் பார்ப்பது முந்தியும் கரையும் மட்டும். பழுது உடலில் இருக்கும்.

கொசுவம் மடியும் இடத்தில், உள்ளே சொருகும் தொடக்கத்தில் உள்ள கோடும் சாய வேற்றுமையும் கட்டினால் தெரியாது. அவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். முந்தியிலும் மார்பின் குறுக்கே வரும் இடத்திலும் உள்ள பழுது எப்போதும் கண்ணில் படும். ஊடை இழை ஒன்று விட்டுப்போன கோடு அப்படியே நிற்கும், பரவாது. பாவு இழை அறுந்து ஓட்டையானது, குறிப்பாகக் கரையை ஒட்டி இருந்தால், இழுபட இழுபடக் கிழியும். எண்ணெய்க் கறை பெரும்பாலும் துவைத்தால் குறையும். துருக்கறை போவது கடினம். சரிகை இருந்தால் நகத்தால் லேசாக வருடுங்கள். உள்ளிருக்கும் நூல் வெளியே பிரிந்தால், இரண்டு துவைப்பில் சேலையே பழசாகிவிடும்.

பழுதென்று சொல்லி விற்கும் கடைக்காரர் நேர்மையானவர். அவரிடம் பழுதுக்கு மேலும் பேரம் பேசி அவரை நோகடிக்க வேண்டாம். பழுதைச் சொல்லாமல், மடிப்பைப் பிரிக்க விடாமல் விற்பவரிடம் பேரத்துக்கே இடமில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

காந்திகிராமத்தில்: கதர்

சின்னாளப்பட்டிக்கு வந்தவர்கள் பலர் காந்திகிராமத்தைப் பேருந்தின் ஜன்னலோடு பார்த்துவிட்டுப் போகிறார்கள். அரைமணி நேரம் ஒதுக்குங்கள். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளும் மருத்துவருமான சௌந்தரம், அவர் கணவர் ஜி. ராமச்சந்திரன் இருவரும் 1947-இல் தொடங்கிய கிராம நிறுவனம் இது. அதிலிருந்து கிளைத்த பணிகளில் கதரும் கிராமத் தொழில்களும் உண்டு. லட்சுமி சேவா சங்கத்தின் சித்த மருந்துகளும் உண்டு.

கதர் வாங்குகிறவர் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கைத்தறி என்றால் நெசவு கையால். நூல் ஆலையில் நூற்றதாக இருக்கலாம். கதர் என்றால் நூற்பும் கையால், நெசவும் கையால். அதனால்தான் கதரில் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். அதைப் பழுது என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். வேட்டி, துண்டு, சட்டைத்துணி எதுவானாலும் முதல் துவைப்பில் சுருங்கும். சட்டைத்துணியைக் கால் மீட்டர் கூடுதலாக எடுத்து, நனைத்துக் காயவைத்த பிறகே தையல்காரரிடம் கொடுங்கள். காந்தி ஜெயந்தியை ஒட்டிக் கதருக்குச் சிறப்புத் தள்ளுபடி வரும். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வேண்டிய போர்வை, துண்டு எல்லாம் வாங்குகிறவர் அக்டோபரில் வரலாம்.

மருந்துகளை மட்டும் மலிவு கருதி அள்ள வேண்டாம். யாருக்கு, எதற்கு என்று கேட்டு, காலாவதித் தேதி பார்த்து, அளவாக வாங்குங்கள்.

திண்டுக்கல்லில்: பூட்டு

திண்டுக்கல் என்றதும் பிரியாணியும் பூட்டும் நினைவுக்கு வரும். பிரியாணியைச் சேலை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நெய்க்கை பட்ட சேலையை எந்தக் கடைக்காரரும் விரும்பமாட்டார். வயிறு நிறைந்த பின் பூட்டுக்கடைக்குப் போகலாம்.

நாகல் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பட்டறை வைத்துக் கையால் பூட்டுச் செய்யும் தொழில் தலைமுறைகளைத் தாண்டியது. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் இயந்திரத்தில் செய்து குவியும் அலிகார் பூட்டுகள் சந்தையை நிரப்பியிருந்தன, பட்டறைகள் குறைந்துவிட்டன. ஆகவே திண்டுக்கல்லில் விற்கும் பூட்டெல்லாம் திண்டுக்கல்லில் செய்த பூட்டு அல்ல. "இது இங்க பட்டறையில செஞ்சதா, வெளியூர்ச் சரக்கா?" என்று கேட்டே வாங்க வேண்டும்.

கைப்பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது எளிது. உள்ளே மெல்லிய தகடுகள், லீவர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு வில் அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு இருக்கும். சாவியின் பற்கள் அந்தந்தத் தகட்டை அதனதன் உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால் எல்லா வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வரும், தாழ் நகரும். ஒரு தகடு இம்மி கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. லீவர் எண்ணிக்கை கூடக் கூடக் கள்ளச்சாவி போடுவது கடினமாகும். பட்டறையில் இந்தப் பொருத்தத்தைக் கையால், அரத்தால் தேய்த்துச் செய்கிறார்கள். ஆகவே ஒரு பூட்டின் சாவி அடுத்த பூட்டுக்கு எளிதில் சேராது.

கடையில் செய்ய வேண்டியவை:

காந்தத்தை வையுங்கள். உடல் பித்தளை என்றால் ஒட்டாது, ஒட்டினால் முலாம். உள்ளிருக்கும் எஃகு வில்லால் லேசான இழுப்பு தெரியலாம், அது வேறு.

எத்தனை லீவர் என்று கேளுங்கள். வீட்டு வாசலுக்கும் கிட்டங்கிக்கும் கூடுதல் லீவர் வேண்டும். அலமாரிக்கும் உண்டியலுக்கும் அவ்வளவு தேவையில்லை.

எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஐந்தாறு முறை பூட்டித் திறந்து பாருங்கள். முதல் சாவி வழுக்கிக்கொண்டு திறந்து, இரண்டாவது சிக்கினால், பொருத்தம் முடியவில்லை என்று பொருள். அங்கேயே அரம் போடச் சொல்லலாம். செய்யும் ஊரில் வாங்குவதன் வசதி இது.

பூட்டிய நிலையில் வளையத்தைப் பிடித்து வேகமாக இழுங்கள், பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் அதிகம் என்றால் வேண்டாம்.

எந்தக் கொண்டிக்குப் போடப் போகிறீர்களோ அதன் துளை அளவை வீட்டிலேயே எடுத்துச் செல்லுங்கள். அழகாக இருக்கிறது என்று வாங்கிய மாங்காய்ப் பூட்டு கொண்டியில் நுழையாமல் போனால், அலமாரியில் அலங்காரமாகத்தான் இருக்கும்.

பில்லில் எழுதச் சொல்லுங்கள்

வாயால் சொன்னதைத் தாளில் ஏற்றுவது வாங்குகிறவரின் கடைசி வேலை. "முடிச்சுச் சுங்குடி", "கைத்தறி", "பித்தளை, எட்டு லீவர்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மை சொன்னவர் உடனே எழுதுவார். பழுதுச் சரக்கு என்றால் "பழுது பார்த்து வாங்கியது" என்று அவர் எழுதிக்கொள்வதும் நியாயமே.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைப் பார்த்து அடங்கிவிட வேண்டாம். நிறம் பிடிக்கவில்லை, அத்தைக்கு வேண்டாமாம் என்பதற்கெல்லாம் மாற்றித் தருவது கடைக்காரரின் நல்ல மனம். குறையுள்ள பொருள் என்றால் அது உங்கள் உரிமை. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே.

முதலில் கடைக்காரரிடம் நேரில் அல்லது தொலைபேசியில் பேசுங்கள்; பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே முடியும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சட்டம் செய்த நல்லது ஒன்று உண்டு: வாங்கியது சின்னாளப்பட்டியில் என்றாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இவை எல்லாவற்றுக்கும் வேர், அந்த பில். அதைப் பத்திரப்படுத்துங்கள், வெப்பத்தில் அச்சிட்ட தாள் மங்கிவிடும், போனில் படம் எடுத்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சுங்குடியை முதல் மூன்று நான்கு முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஊறவைக்காமல் அலசுங்கள். உள்பக்கம் வெளியே வர நிழலில் காயவையுங்கள். மெல்லிய கஞ்சி போட்டால் கட்ட நன்றாக நிற்கும். கஞ்சியோடு மாதக்கணக்கில் பெட்டியில் வைத்தால் பூச்சி வரும். ரேயான் நனைந்திருக்கும்போது வலு குறைந்திருக்கும். முறுக்கிப் பிழிய வேண்டாம். பூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசினாகித் தகடுகளை ஒட்ட வைக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். மாற்றுச்சாவியை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இன்னும் ஒரு காரியம். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் கடையின் பெயர், விலை, மலிவுக்கு அவர் சொன்ன காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து, பத்துத் துவைப்பு கழித்து, அதே வரியில் நடந்ததை எழுதுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு வேன் பிடிக்கும்போது எந்தக் கடைப் படி ஏறுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த நோட்டில் எதிர்க் கேள்விக்கும் ஓர் இடம் விடுங்கள். ஒரு சேலை பக்கத்துச் சேலையைப் போலவே இருந்து, விலை மட்டும் மும்மடங்கு என்றால், "இது ஏன் கூடுதல்?" என்றும் கேளுங்கள். கடைக்காரர் துணியை உங்கள் கையில் கொடுத்து, கோணல் புள்ளிகளைத் தடவிப் பார்க்கச் சொல்வார். ஒவ்வொரு மேடும் ஒரு பெண் நூல் சுற்றி இறுக்கிய ஒரு முடிச்சு. வாங்க வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. "விலை நியாயம்தாங்க" என்று சொல்லிவிட்டு அச்சுச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வசதி இருந்தால், எடுக்க வேண்டியது அந்தச் சேலை.